பர்ட்டன் பீர் ஆலையும் அதன் கடிதக் கட்டுகளும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பழைய கம்பெனிகளின் கணக்கேடுகளையும் கடிதக் கட்டுகளையும் பற்றிப் படிப்பது எனக்கு ஒரு பைத்தியம். பீர் ஆலையின் கடிதங்கள் என்று சொன்னதும் நண்பர்கள் முதலில் சிரிப்பார்கள், அப்புறம் வரிசையாகக் கேள்வி கேட்பார்கள். திரும்பத் திரும்ப வந்த கேள்விகளையும் என் பதில்களையும் இங்கே சேர்த்து வைத்திருக்கிறேன்.

எந்த ஆலை இது?

இங்கிலாந்தின் நடுப்பகுதியில், ஸ்டாஃபோர்ட்ஷயர் மாவட்டத்தில், ட்ரென்ட் ஆற்றங்கரையில் பர்ட்டன் என்று ஓர் ஊர் இருக்கிறது. 1740-களில் பெஞ்சமின் வில்சன் என்ற சத்திரக்காரர் தன் சத்திரத்துக்கு வேண்டிய பீரை அங்கே தானே காய்ச்சிக்கொண்டிருந்தார். மிஞ்சியதைப் பக்கத்துச் சத்திரங்களுக்கு விற்றார். அவருக்குப் பின் மகன் வந்தார். அவர் பெயரும் பெஞ்சமின் வில்சன்தான், அதனால் காகிதங்களில் அப்பா யார், மகன் யார் என்று பிரிப்பதற்குள் போதும் போதும் என்றாகிவிடும். மகன் காலத்தில் அது ஊரிலேயே பெரிய ஆலையாகிவிட்டது. 1800 வாக்கில் சாமுவேல் ஆல்சாப் என்ற சொந்தக்காரப் பையனைத் தொழிலில் சேர்த்துக்கொண்ட சின்ன வில்சன், 1807-ல் 7,000 பவுண்டுக்கு ஆலையை அவருக்கே விற்றார். அதன் பிறகு அது ஆல்சாப் கம்பெனி.

பர்ட்டனில் இதைவிடப் பேர்போன பெயர் பாஸ். வில்லியம் பாஸ் 1777-ல் தொடங்கியது. அதற்கு முன் அவர் வண்டிச் சரக்குப் போக்குவரத்து நடத்தியவர். இந்தப் பக்கத்தில் பாஸும் இடையிடையே தலைகாட்டும். ஆனால் எனக்குப் பிடித்தது வில்சன், ஆல்சாப் கதைதான். காரணம், வில்சன் காலத்துக் கடித ஏடுகள் தப்பிப் பிழைத்திருக்கின்றன. இருநூற்றைம்பது வருடத்துக்கு முந்தைய ஒரு பீர் வியாபாரி தினமும் எதைப் பற்றிக் கவலைப்பட்டார் என்பது அவற்றில் இருக்கிறது.

சின்ன ஊர் ஒன்று எப்படி இவ்வளவு தூரம் பீர் அனுப்பியது?

தண்ணீரும் ஆறும். இரண்டும் வேறு வேறு காரணங்கள், குழப்பிக்கொள்ள வேண்டாம்.

பீருக்கு எடுத்த தண்ணீர் ஆற்றுத் தண்ணீர் அல்ல, கிணற்றுத் தண்ணீர். ஊருக்கு அடியில் ஜிப்சம் படிவுகள் இருக்கின்றன. அவற்றின் வழியே ஊறி வரும் நீரில் கால்சியம் சல்ஃபேட் அதிகம். வெளிர்நிறப் பீர் தெளிவாகவும், கசப்பு எடுப்பாகவும் வருவதற்கு அந்த உப்பு உதவுகிறது. இது ஏன் என்று வில்சனுக்குத் தெரியாது. தெரியத் தேவையும் இருக்கவில்லை. பிற்பாடு வேறு ஊர்க்காரர்கள் தங்கள் தண்ணீரில் ஜிப்சம் கலந்து 'பர்ட்டன் தண்ணீர்' செய்யக் கற்றுக்கொண்டார்கள்.

ஆறு இல்லையென்றால் அந்தப் பீரை ஊர்க்காரர்களே குடித்துத் தீர்த்திருப்பார்கள். 1699-ல் வந்த சட்டம் ஒன்று ட்ரென்ட் ஆற்றைப் பர்ட்டன் வரை படகு போகும்படி சீரமைக்க அனுமதி தந்தது. 1712-க்குள் படகுகள் வரத் தொடங்கிவிட்டன. மண் சாலையில் குதிரை வண்டியில் பீர் பீப்பாயை ஏற்றிப் போனால் வண்டிக்கூலியே லாபத்தைத் தின்றுவிடும். படகில் ஏற்றினால் கிழக்குக் கரையில் இருக்கும் ஹல் துறைமுகம் வரை தண்ணீரிலேயே போய்விடலாம். ஹல்லிலிருந்து கப்பல் நேராக பால்டிக் கடலுக்குப் போகும்.

பால்டிக் வியாபாரம் எப்படி நடந்தது?

நான் அதிகம் ரசித்தது இந்தப் பகுதியைத்தான், கொஞ்சம் நீளமாகச் சொல்கிறேன்.

குளிரூட்டும் இயந்திரம் இல்லாத காலம். வெயில் காலத்தில் காய்ச்சினால் பீர் கெட்டுப்போகும். ஆகவே அக்டோபரில் ஆரம்பித்து ஏப்ரல் வாக்கில் அடுப்பை அணைத்துவிடுவார்கள். அந்தப் பக்கம், அன்றைய ரஷ்யத் தலைநகரான செயின்ட் பீட்டர்ஸ்பர்கின் துறைமுகம் குளிர்காலம் முழுக்கப் பனிக்கட்டியில் உறைந்து கிடக்கும். மே மாத வாக்கில்தான் கப்பலுக்கு வழி திறக்கும். இங்கே குளிரில் காய்ச்சு, வசந்தத்தில் கப்பலேற்று, அங்கே பனி உடைந்ததும் போய் இறக்கு. இரண்டு ஊர்களின் தட்பவெப்பமும் பேசி வைத்துக்கொண்டதுபோல் பொருந்தின.

கேட்க எளிதாகத்தான் இருக்கும். ஒரு பீப்பாயின் பயணத்தைப் பாருங்கள். பர்ட்டனில் படகில் ஏற்ற வேண்டும். மழை இல்லையென்றால் ஆறு வற்றிப் படகு தரைதட்டும், மழை அதிகமென்றால் வெள்ளத்தில் படகு நகராது. வழியில் கெயின்ஸ்பரோவில் பெரிய படகுக்கு மாற்ற வேண்டும். ஹல்லில் கப்பல் கிடைக்க வேண்டும். டென்மார்க்கின் ஹெல்சிங்கோர் நீரிணையில் ஒவ்வொரு கப்பலும் நங்கூரம் போட்டு டேனிஷ் அரசருக்குச் சுங்கம் கட்ட வேண்டும் (இந்தச் சுங்கம் 1857 வரை இருந்தது). அப்புறம் டான்சிக், மேமல், ரீகா, கடைசியில் பீட்டர்ஸ்பர்க். முதலில் போய்ச் சேரும் கப்பலுக்கு நல்ல விலை. பத்து நாள் பிந்திப் போனால் ஹல்லிலிருந்து புறப்பட்ட மற்ற எல்லாரும் அங்கே பீப்பாய்களை இறக்கி வைத்திருப்பார்கள்.

அந்தக் காலத்து பர்ட்டன் ஏல் (ஏல் என்பது பீரில் ஒரு வகை) இன்று நாம் பீர் என்று நினைப்பது அல்ல. கனமானது, இனிப்பு தூக்கலானது, போதை அதிகம். ரஷ்யக் குளிருக்கு அது எடுபட்டது.

திரும்பி வரும் கப்பல் காலியாக வருமா? வராது. அங்கிருந்து ஓக் மரப் பலகை, இரும்பு, சணல், ஆளி நார் ஏற்றிக்கொண்டு வரும். மேமல் துறைமுகத்திலிருந்து வந்த ஓக் பலகைக்குப் பீப்பாய் செய்பவர்களிடம் தனி மவுசு. போன வருடம் பீர் வாங்கியவர் அனுப்பிய மரத்தில் இந்த வருடத்துப் பீருக்குப் பீப்பாய் செய்தார்கள். பர்ட்டன் பீர் முதலாளிகள் பாதிப்பேர் மர வியாபாரிகளாகவும் ஆனது இப்படித்தான். வில்சன் போன்றவர்களின் கடிதங்களைத் திறந்தால், பீர் விற்கிறாரா மரம் விற்கிறாரா என்று நமக்கே சந்தேகம் வரும்.

கடித ஏடு, கடித ஏடு என்கிறீர்களே, அது என்ன?

அனுப்பும் கடிதத்துக்கு ஒரு நகல் வைத்துக்கொள்ளும் நோட்டு. பிரதி எடுக்கும் இயந்திரம் இல்லாததால் ஒரு குமாஸ்தா உட்கார்ந்து ஒவ்வொரு கடிதத்தையும் தடித்த ஏட்டில் திரும்ப எழுதுவார். முக்கியமான ஆளுக்கான கடிதமென்றால் முழுதாக. சில்லறை விஷயமென்றால் 'இன்னாருக்கு, காலிப் பீப்பாய் பற்றி' என்று ஒரே வரி. அந்த ஒரு வரியே ஒரு தகவல்தான்: முதலாளிக்கு எது முக்கியம், எது சில்லறை என்பது அதில் தெரிந்துவிடும்.

1780-ல் ஜேம்ஸ் வாட் ஒரு நகலெடுக்கும் அழுத்திக்குக் காப்புரிமை வாங்கினார். ஆம், நீராவி எஞ்சின் வாட்தான். கடிதத்தைத் தனி மையில் எழுதி, அதன் மேல் ஈரமான மெல்லிய தாளை வைத்து அழுத்தினால் மை அந்தத் தாளில் ஒட்டும். எழுத்து இடவலம் மாறி, கண்ணாடியில் பார்ப்பதுபோல் விழும். தாள் மெல்லிசு என்பதால் பின்பக்கத்திலிருந்து பார்த்து நேராகப் படித்துக்கொள்ளலாம். பத்தொன்பதாம் நூற்றாண்டின் பிற்பாதியில் இப்படிப்பட்ட மெல்லிய தாள்களை ஆயிரம் பக்கம் வரை சேர்த்துத் தைத்த ஏடுகள் எல்லா அலுவலகத்திலும் இருந்தன. வெங்காயச் சருகு போன்ற தாள். ஈரம் அதிகமாக வைத்திருந்தால் எழுத்து கசிந்து மேகம்போல் பரவியிருக்கும், குறைவாக வைத்திருந்தால் பாதி வார்த்தை விழுந்திருக்காது. குமாஸ்தாவுக்கு அன்று என்ன அவசரமோ என்று யோசித்துக்கொண்டே படிக்க வேண்டியதுதான்.

ஒன்றை மட்டும் மறக்கக் கூடாது. இந்த ஏட்டில் இருப்பது போன கடிதங்கள் மட்டும்தான். வந்த கடிதங்கள் தனிக் கட்டு, அவைதான் பெரும்பாலும் தொலைந்துபோகும். பக்கத்தில் ஒருவர் போனில் பேசுவதைக் கேட்பதுபோல்தான்: இந்தப் பக்கத்துப் பேச்சு மட்டும் காதில் விழும், அந்தப் பக்கம் என்ன சொன்னார்கள் என்பதை நாம்தான் ஊகிக்க வேண்டும்.

அந்தக் கால வியாபாரக் கடிதம் எப்படி இருக்கும்?

நம் தாத்தாக்கள் எழுதிய கடிதத்தில் 'இவ்விடம் அனைவரும் நலம், அவ்விடம் நலமறிய ஆவல்' என்று தொடங்கி, 'நிற்க' என்று ஒரு வார்த்தை போட்டு விஷயத்துக்கு வருவார்கள் அல்லவா? ஆங்கில வியாபாரக் கடிதத்துக்கும் அப்படி ஒரு சடங்கு உண்டு. 'உங்கள் ஃபேவர் கைக்கு வந்தது' என்று தொடங்கும். ஃபேவர் என்றால் ஏதோ உதவி என்று நினைத்துவிடாதீர்கள், வந்த கடிதத்தைத்தான் அப்படி மரியாதையாகச் சொல்வார்கள். தேதிக்குப் பக்கத்தில் 'அல்ட்' என்றிருந்தால் போன மாதம், 'இன்ஸ்ட்' என்றால் இந்த மாதம், 'ப்ராக்ஸ்' என்றால் வரும் மாதம். 1800-க்கு முந்தைய எழுத்தில் எஸ் என்பது பல இடங்களில் எஃப் போல நீண்டு நிற்கும். முதல் இரண்டு நாள் கண் கட்டும், மூன்றாம் நாள் பழகிவிடும்.

உறை இருக்காது. எழுதிய தாளையே மடித்து, அரக்கு வைத்து, வெளிப்பக்கத்தில் முகவரி எழுதுவார்கள். 1840-ல் பென்னி தபால் வரும் வரை, இங்கிலாந்துக்குள் தபால் கட்டணம் எத்தனை தாள், எவ்வளவு தூரம் என்பதைப் பொறுத்தது. பெரும்பாலும் பெறுபவர்தான் கட்ட வேண்டும். உறை போட்டால் அது இன்னொரு தாள் கணக்கு. உள்ளே ஒரு பில்லை வைத்தால் அதுவும் ஒரு தாள். அதனால்தான் ஓரம் விடாமல், பொடிப்பொடியாக எழுதியிருப்பார்கள்.

பீரின் ருசியைப் பற்றி என்ன எழுதியிருக்கும்?

ரொம்பக் குறைவு. புளித்துப்போனது, கலங்கியிருந்தது, பீப்பாய் ஒழுகியது என்று புகார் வந்தால்தான் பீரைப் பற்றிய பேச்சே வரும். மற்றபடி பீப்பாய், வாடகை, கப்பல், பணம், திரும்பவும் பீப்பாய்.

பீப்பாயைப் பற்றி இத்தனை புலம்பல் ஏன் என்றால், பல சமயம் உள்ளே இருக்கும் பீருக்குச் சமமாகக் கவலைப்பட வேண்டிய சொத்து அது. ஹாக்ஸ்ஹெட் எனும் பெரிய பீப்பாய் 54 காலன், பேரல் 36, கில்டர்கின் 18, ஃபிர்கின் 9. உள்நாட்டுச் சத்திரக்காரர் பீரைக் குடித்து முடித்தபின் காலிப் பீப்பாயைத் திருப்பி அனுப்ப வேண்டும். அனுப்ப மாட்டார். மழைத் தண்ணீர் பிடிக்க வைத்துக்கொள்வார். பால் பாத்திரத்தைத் திருப்பித் தராத பக்கத்து வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள், அதுவே தொழிலாக நூறு வீடு.

பணம் எப்படிக் கைக்கு வந்தது?

உண்டியல் மூலம். கோயில் உண்டியல் அல்ல, நகரத்தார் வியாபாரத்தில் ஓடிய உண்டியல், ஹுண்டி. ஆங்கிலத்தில் பில் ஆஃப் எக்ஸ்சேஞ்ச் என்பார்கள். 'இத்தனை மாதம் கழித்து இன்னாருக்கு இத்தனை பவுண்டு கொடுக்கவும்' என்று ஒரு துண்டுச் சீட்டு. லண்டனில் பேர் உள்ள ஒரு நிறுவனம் அதில் 'ஏற்றேன்' என்று கையெழுத்துப் போட்டுவிட்டால் அந்தச் சீட்டே கிட்டத்தட்டப் பணம்தான். தவணை வரை காத்திருக்கலாம், அல்லது கழிவு கொடுத்து முன்னாலேயே மாற்றிக்கொள்ளலாம்.

கடல் கடந்து வரும் உண்டியலை மூன்று பிரதியாக எழுதுவார்கள்: முதலாவது, இரண்டாவது, மூன்றாவது. ஒவ்வொன்றும் வேறு வேறு கப்பலில் வரும். எது முதலில் சேருகிறதோ அதற்குப் பணம், மற்ற இரண்டும் அப்போதே செல்லாது. சீட்டிலேயே 'மற்ற இரண்டுக்கும் பணம் தராதிருந்தால்' என்று எழுதியிருக்கும். கப்பல் மூழ்குவது அவ்வளவு சகஜம். கடிதங்களுக்கும் இதே ஏற்பாடு உண்டு. ஒரே கடிதம் இரண்டு முறை கட்டில் இருந்தால் குமாஸ்தா தூங்கிவிட்டார் என்று நினைக்க வேண்டாம்.

இதில் சிக்கல் எங்கே என்றால் காலத்தில். இலையுதிர்காலத்தில் பார்லிக்கும், கசப்புக்குப் போடும் ஹாப்ஸ் பூவுக்கும் ரொக்கம் கொடுத்தாக வேண்டும். மால்ட் (முளைகட்டி உலர்த்திய பார்லி) மீது அரசுக்கு வரி வேறு. பீர் போவது அடுத்த வசந்தத்தில். விற்பது கோடையில். வாங்கியவருக்குத் தவணை. மரமாக வந்தால் அந்த மரத்தையும் விற்க வேண்டும். போட்ட பணம் திரும்பக் கைக்கு வர ஒன்றரை வருடம் ஆனாலும் ஆச்சரியமில்லை. அதற்குள் அடுத்த வருடப் பார்லி வாங்கும் காலம் வந்துவிடும். நல்ல பீர் காய்ச்சத் தெரிந்தவர்கள் பர்ட்டனில் நிறையப் பேர் இருந்தார்கள். இந்த ஒன்றரை வருட இடைவெளியைத் தாங்கத் தெரிந்தவர்கள்தான் மிஞ்சினார்கள் என்பது என் கணிப்பு.

சில கடிதங்களில் இரண்டு தேதி இருக்கிறதே, தவறா?

தவறில்லை. பிரிட்டன் 1752-ல் புதிய நாட்காட்டிக்கு மாறியது. அந்த வருடம் செப்டம்பர் 2-க்கு மறுநாள் செப்டம்பர் 14. ரஷ்யா 1918 வரை பழைய நாட்காட்டியிலேயே இருந்தது. பதினெட்டாம் நூற்றாண்டில் இரண்டுக்கும் வித்தியாசம் 11 நாள், பத்தொன்பதில் 12 நாள். பீட்டர்ஸ்பர்கில் மே 5 என்றால் பர்ட்டனில் மே 16. ஆகவே 5/16 மே என்று எழுதினார்கள். இதைக் கவனிக்காமல் படித்தால், எழுதிய தேதிக்கு முன்பே பதில் போனதுபோல் தோன்றும்.

நெப்போலியனுக்கும் பீருக்கும் என்ன சம்பந்தம்?

1806 நவம்பரில் நெப்போலியன் பெர்லினிலிருந்து ஓர் ஆணை போட்டார்: ஐரோப்பாவில் யாரும் பிரிட்டிஷ் சரக்கை வாங்கக் கூடாது. அடுத்த ஆண்டு டில்சிட் உடன்படிக்கையில் ரஷ்யாவும் அவர் பக்கம் சேர்ந்தது. பால்டிக் கதவு மூடிக்கொண்டது. சின்ன வில்சன் ஆலையை விற்றது அதே 1807-ல்தான் என்பதைச் சேர்த்துப் பாருங்கள்.

வாங்கிய ஆல்சாப்புக்குக் கிடைத்தது, முக்கியச் சந்தையை இழந்த ஆலை. உள்நாட்டில் விற்றுச் சமாளித்தார். போர் முடிந்தபின் ரஷ்ய வியாபாரம் ஓரளவு திரும்பியது. ஆனால் 1822-ல் ரஷ்யா போட்ட புதிய தீர்வை ஆங்கிலேய ஏலைக் கிட்டத்தட்ட ஒழித்துவிட்டது. போர்ட்டர் என்ற லண்டனின் கறுப்புப் பீருக்கு மட்டும் விலக்கு. பர்ட்டன்காரர்களுக்கு எரிச்சல் வராமல் இருக்குமா?

அப்படியானால் இந்தியாவுக்குப் பீர் அனுப்பும் யோசனை எங்கிருந்து வந்தது?

தேநீர்க் கெண்டியிலிருந்து, என்று கதை.

1822 வாக்கில் லண்டனில் ஒரு விருந்து. அழைத்தவர் கிழக்கிந்தியக் கம்பெனி இயக்குநர் கேம்ப்பெல் மார்ச்பேங்க்ஸ் (எழுத்தில் மார்ஜோரிபேங்க்ஸ், வாயில் மார்ச்பேங்க்ஸ்). ரஷ்யச் சந்தை போன கவலையை ஆல்சாப் சொல்ல, இந்தியாவைப் பாருங்கள் என்றாராம் மார்ச்பேங்க்ஸ். அங்கே அதுவரை ராஜா, லண்டனின் கிழக்குப் பகுதியில் 'போ' (Bow) என்ற இடத்தில் இருந்த ஹாட்ஜ்சன் ஆலை. கம்பெனிக் கப்பல்கள் நிற்கும் துறைக்குப் பக்கம். கப்பல் கேப்டன்களுக்குத் தங்கள் சொந்தக் கணக்கில் சரக்கு ஏற்றும் உரிமை உண்டு. அவர்களுக்கு ஹாட்ஜ்சன் 18 மாதம் வரை கடன் கொடுத்தார். அதனால் கேப்டன்கள் அவரிடமே வாங்கினார்கள். பின்னர் வந்த தலைமுறை பேராசைப்பட்டது. கேப்டன்களை ஒதுக்கிவிட்டுத் தாங்களே நேராகக் கப்பலேற்றவும், விலையை ஏற்றவும், ரொக்கம் கேட்கவும் தொடங்கியது. கம்பெனிக்காரர்களுக்குக் கோபம்.

ஆல்சாப் ஹாட்ஜ்சன் பீர் மாதிரி ஒன்றை ஊருக்குக் கொண்டுபோய், ஜோப் குட்ஹெட் என்ற தன் மால்ட் ஆளிடம் கொடுத்தார். ஹாட்ஜ்சன் பீர் வெளிர்நிறம், கடுங்கசப்பு. பர்ட்டனின் இனிப்பு ஏலுக்கு நேர் எதிர். மால்ட்டைக் கருகவிடாமல் வெளிறலாக உலர்த்தி, ஒரு தேநீர்க் கெண்டியில் சோதனையாகக் காய்ச்சிப் பார்த்தாராம் குட்ஹெட்.

கெண்டிக் கதை அச்சில் பிரபலமானது முப்பது வருடம் கழித்து, ஆலையின் புகழ் பாடும் ஒரு புத்தகத்தில். பொய் என்று சொல்லவில்லை. ஆனால் எனக்குக் கெண்டியைவிட, முதல் சரக்கு போனபின் கல்கத்தாவிலிருந்து ஒரு வியாபாரி எழுதிய கடிதத்தின் சாரம்தான் பிடிக்கும். முதல் சரக்குகளில் உங்களுக்கு நஷ்டம் வந்தது சரிதான், இந்தச் சந்தையை என்னைப்போல் அறிந்திருந்தால் அதை எதிர்பார்த்திருப்பீர்கள். இங்கே எல்லாமே பெயருக்குத்தான் மதிப்பு. ஹாட்ஜ்சன் பெயர் போட்டியின்றி இருந்த ஊரில் உங்கள் பீர் அதற்கு எதிரே நின்றதே பெரிய விஷயம். தட்டிக்கொடுப்பதா, திட்டுவதா என்று தெரியாத தொனி. வியாபாரத்தில் கரை கண்ட ஆள்.

இந்தக் கடிதம் வரும்போது என்ன நடந்திருக்கும் என்று யோசித்துப் பாருங்கள். பீர் நன்னம்பிக்கை முனையைச் சுற்றி, பூமத்திய ரேகையை இரண்டு முறை கடந்து கல்கத்தா போக நான்கைந்து மாதம். விற்க நாள் ஆகும். பதில் திரும்ப இன்னும் நான்கைந்து மாதம். அதற்குள் பர்ட்டனில் அடுத்த குளிர்காலச் சரக்கைக் காய்ச்சியாக வேண்டும். போன சரக்கு லாபமா நஷ்டமா என்பதே தெரியாமல் அடுத்ததை ஏற்ற வேண்டும். ஆல்சாப் ஏற்றினார். பாஸ் ஆலையும் பின்னாலேயே வந்தது, பத்து வருடத்துக்குள் கல்கத்தாச் சந்தையில் ஹாட்ஜ்சனை பாஸ் முந்திவிட்டது. ஆல்சாப்பைவிட பாஸ் அதிகம் விற்றது என்பது கதையின் கசப்பான பகுதி.

ஐபிஏ (இந்தியா பேல் ஏல், அதாவது இந்தியா வெளிர்நிற ஏல்) என்பது இந்தியாவுக்காகவே கண்டுபிடித்த பீர்தானே?

இல்லை. வெளிர்நிற, அதிக ஹாப்ஸ் போட்ட பீர் இங்கிலாந்தில் முன்பே இருந்தது. ஹாட்ஜ்சனின் ஆலை துறைமுகத்துக்கு அருகில் இருந்தது, கடன் கொடுத்தது, அவர் பீர் அந்த நீண்ட பயணத்தில் நன்றாகப் பக்குவப்பட்டது. 'இந்தியா' என்ற பெயர் பின்னால்தான் ஒட்டியது. கப்பல் உடைந்து கரை ஒதுங்கிய பீப்பாய்களைக் குடித்துத்தான் இங்கிலாந்து மக்கள் அதை ருசி பார்த்தார்கள் என்ற கதையும் உண்டு. அழகான கதை, அவ்வளவுதான். உள்நாட்டில் அந்தப் பீரைப் பரப்பியதில் 1839-ல் பர்ட்டனுக்கு வந்த ரயிலுக்குப் பெரிய பங்கு உண்டு. 1868-ல் திறந்த லண்டன் செயின்ட் பாங்க்ராஸ் நிலையத்தின் கீழ்த்தளத்தில் இரும்புத் தூண்களுக்கு இடையிலான தூரத்தையே பர்ட்டன் பீர்ப் பீப்பாய்களை அடுக்கும் கணக்கில்தான் வைத்தார்கள்.

பீரில் விஷம் கலந்தார்கள் என்று ஒரு புகார் வந்ததாமே?

1852-ல். ஆங்கிலேயக் கசப்புப் பீருக்குக் கசப்பு வர ஸ்ட்ரிக்னைன் கலக்கிறார்கள் என்று ஒரு பிரெஞ்சு வேதியியலாளர் சொன்னதாகப் பத்திரிகைகளில் வந்தது. ஸ்ட்ரிக்னைன் எட்டிக் கொட்டையிலிருந்து எடுக்கும் கொடிய விஷம். அப்போது ஆலையை நடத்திய ஹென்றி ஆல்சாப் சும்மா மறுப்பு எழுதிவிட்டு உட்காரவில்லை. தாமஸ் கிரஹாம், ஹோஃப்மன் என்ற இரண்டு பெரிய வேதியியலாளர்களைக் கூப்பிட்டுப் பீரைச் சோதிக்கச் சொன்னார். விஷம் இல்லை என்று அறிக்கை வந்தது. ஜெர்மனியின் பேராசிரியர் லீபிக் அந்தப் பீரைப் பாராட்டி ஒரு கடிதம் எழுதினார். அந்தக் கடிதத்தைப் பத்திரிகைகளில் விளம்பரமாகப் போட்டுத் தள்ளினார் ஆல்சாப்.

தனிப்பட்ட கடிதம் போஸ்டராக மாறிய கதை இது. புகார் வந்ததால் பீர் விற்பனை ஏறியது என்று கூடச் சொல்லலாம். இன்னொரு விளைவும் உண்டு: ஆலைக்குள் வேதியியலாளர்களுக்கு இடம் உறுதியானது. 1862-ல் ஹோஃப்மன் பரிந்துரையில் பீட்டர் கிரீஸ் என்ற ஜெர்மானியர் ஆல்சாப்பில் வேலைக்குச் சேர்ந்து, சாகும் வரை அங்கேயே இருந்தார். டயசோ சேர்மங்களைக் கண்டுபிடித்தவர் அவர்தான். இன்று துணிகளுக்குப் போடும் செயற்கைச் சாயங்களில் பெரும்பகுதிக்கு மூலவேர் அது. காலையில் பீர்க் கணக்கு, மாலையில் சாயத்தின் வேதியியல்!

இவ்வளவு பெரிய ஆலை ஏன் சரிந்தது?

ஆல்சாப் 1887-ல் பங்குச் சந்தைக்கு வந்தது. விண்ணப்பப் படிவம் வாங்க வங்கி வாசலில் தள்ளுமுள்ளு. மூன்றே வருடத்தில் அதே பங்குதாரர்கள் பணத்தைத் திருப்பிக் கேட்டார்கள், சொன்ன லாபம் வரவில்லை என்று. போட்டியாளர்கள் சாராயக் கடைகளைச் சொந்தமாக வாங்கித் தங்கள் பீரை மட்டும் விற்கச் செய்துகொண்டிருந்தார்கள்; ஆல்சாப் பீரின் தரமே விற்றுக்கொள்ளும் என்று நம்பியது. விழித்துக்கொண்டு கடைகளை வாங்கப் போனபோது விலை உச்சத்தில். 1899-ல் லாகர் என்ற வேறு வகைப் பீருக்கென்று தனி ஆலை கட்டியது, அதுவும் கைகொடுக்கவில்லை. 1911-ல் கடன்காரர்கள் சார்பில் நிர்வாகியை நியமிக்கும் நிலை. 1934-ல் இண்ட் கூப் என்ற பக்கத்து ஆலையோடு சேர்ந்தது.

பாஸ் வேறு வழி போனது. 1876 ஜனவரி 1 அன்று பிரிட்டனின் வணிகச் சின்னப் பதிவேடு திறந்தபோது, முதல் எண்ணில் பதிவானது பாஸின் சிவப்பு முக்கோணம். அதற்காக ஓர் ஊழியர் முதல் நாள் இரவே போய் வாசலில் காத்திருந்தாராம். கெண்டிக் கதை ரகம் இதுவும்.

இந்தக் கடிதங்களை எவ்வளவு தூரம் நம்பலாம்?

தொகை, தேதி, பீப்பாய் எண்ணிக்கை இவற்றை நம்பலாம், ஏனெனில் எதிராளியிடமும் ஒரு பிரதி இருக்கும். 'சந்தை மந்தம்', 'இந்த வருடம் பார்லி மோசம்' போன்ற வரிகளை எச்சரிக்கையோடு பாருங்கள். விற்பவர் எழுதினால் விலை ஏற்றவும், வாங்குபவர் எழுதினால் குறைக்கவும் அடிபோடுகிறார் என்று அர்த்தம். உண்மையும் இருக்கலாம். பக்கத்து ஊர்க்காரரின் கடிதமும் அதையே சொல்கிறதா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். பரம்பரைப் பெருமை பேசும் நூற்றாண்டு மலர்களைக் கடைசியில் படியுங்கள்.

இப்படி ஒரு கடிதக் கட்டு கையில் கிடைத்தால் எங்கிருந்து தொடங்குவது?

முதல் பக்கத்திலிருந்து தொடங்காதீர்கள், சலித்துப்போகும். ஏட்டின் முன்னால் பெயர் அகரவரிசை இருக்கும். அதில் அதிகப் பக்க எண்கள் யார் பெயருக்கு எதிரே இருக்கின்றன என்று பாருங்கள். அவர் பெரிய வாடிக்கையாளராகவோ, பணம் தராத ஆளாகவோ இருப்பார். அந்த ஒருவருக்கு எழுதியதை மட்டும் வரிசையாகப் படியுங்கள். முதல் கடிதத்தில் 'அன்புள்ள ஐயா', பாதியில் வெறும் 'ஐயா', அப்புறம் வழக்கறிஞர் பெயர் ஒன்று நுழையும்.

மெல்லிய தாள் ஏடு என்றால் ஒவ்வொரு பக்கத்துக்கும் அடியில் ஒரு வெள்ளைத்தாளை வையுங்கள், இல்லாவிட்டால் மூன்று கடிதங்கள் ஒரே நேரத்தில் தெரியும். விரலை நனைத்துப் பக்கம் திருப்பக் கூடாது. நீரில் கரைந்து நகலாகும்படி செய்த மை அது, நூற்றைம்பது வருடம் கழித்தும் கரையும்.